பெயர் ஒரு படம், நேரம் ஒரு படம்

அவரை எனக்குப் பிடிக்காது. அந்தத் தொழிற்சாலையை விட்டு வந்து ஆறு வருடம் ஆகிறது. இன்றைக்கும் யாராவது கைப்பேசியில் ஒரு தாளைப் படமாக அனுப்பினால், எழுத்தைப் படிக்கும் முன்னால் அதன் நாலு ஓரங்களைப் பார்க்கிறேன். மேலே எவ்வளவு வெட்டுப்பட்டிருக்கிறது, கீழே ஏதாவது ஒரு வரியின் தலை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று. பள்ளிக்கூட விடுமுறை அறிவிப்பானாலும் சரி, பக்கத்து வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையானாலும் சரி. இந்த வியாதியை எனக்குக் கொடுத்தவர் அவர். மன்னித்துவிடலாம் என்று சில காலைகளில் தோன்றும். பல் தேய்த்து முடிப்பதற்குள் அது போய்விடும்.

ஓசூரில் கார்களுக்கும் பைக்குகளுக்கும் தகடு அழுத்திக் கொடுக்கிற ஒரு கம்பெனி. பிரஸ் இறங்கும்போதெல்லாம் அலுவலகத்துத் தம்ளரில் தண்ணீர் வட்டம் போடும். வாசலை ஒட்டி டைம் ஆபீஸ். யார் எப்போது வந்தார், எப்போது போனார், யாருக்கு லீவு, எந்தக் கடிதத்துக்கு என்ன பதில் என்பதெல்லாம் அந்த ஒரே அறையில்தான். அதற்கு அவர் தலைவர். கம்ப்யூட்டருக்கு நான். இரண்டு மேஜை, ஒரு இரும்பு பீரோ, வெளியே நிற்பவர்கள் குனிந்து பேசுகிற மாதிரி வேண்டுமென்றே தாழ்வாக வைத்த ஒரு ஜன்னல்.

ஒல்லியான மனிதர். இஸ்திரி மடிப்பு மாலை வரைக்கும் கலையாது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு திரையைத் தொடுகிற தூரத்தில் குனிந்து பார்ப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பெங்களூரிலிருந்து வருகிற முதலாளிகளிடம் கன்னடம், லைனில் வேலை செய்கிற பெண்களிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ். மூன்றிலும் அவர் வேறு வேறு ஆள். கன்னடத்தில் சிரிப்பார். தெலுங்கில் அதட்டுவார். தமிழில் பெருமூச்சு விடுவார். ஒரு பாஷைக்குக் கொடுத்ததை இன்னொன்றுக்குக் கொடுக்க மாட்டார். முழு ஆளைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று நான் யோசித்ததுண்டு. அவர் மனைவி பார்த்திருக்கலாம். அதுவும் நிச்சயமில்லை.

எங்கள் அறையிலிருந்து எந்தத் தாளும் தாளாக வெளியே போகாது. அதுதான் அவர் வைத்த சட்டம். யாராவது ஏதாவது கேட்டால், பிடிஎஃப்பை என்னைத் திறக்கச் சொல்வார். “படமாப் போடு.” இந்த இரண்டு சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்டிருப்பேனோ. நான் பொத்தானை அழுத்துவேன். முழு மீனாகக் கிடந்த கோப்பு பக்கம் பக்கமாகத் துண்டாகி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு ஒரு பெட்டிக்குள் விழும். ஒவ்வொன்றும் ஒரு ஜேபிஜி. அப்புறம்தான் அவர் வேலை ஆரம்பிக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு என் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டுகளைப் பொறுக்குவார். இது போகட்டும். இது வேண்டாம். இதில் மேலே ரெண்டு விரல் அளவு வெட்டு. இதில் கையெழுத்துக்குக் கீழே இருக்கிறதை எடு.

ஏன் சார், அப்படியே அனுப்பினால் என்ன என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். அவர் எனக்குப் பாடம் நடத்தினார். பிடிஎஃப்பில் ஒரு பெயரைத் தேட முடியும். ஒரு வரியைப் பிடுங்கி இன்னொரு இடத்தில் ஒட்ட முடியும். எத்தனை பக்கம் என்று அதுவே காட்டிக்கொடுக்கும். படம் அப்படியில்லை. படத்திடம் என்ன கேட்டாலும் அது வாயைத் திறக்காது. பிறகு அளவு. பெரிய படமாக இருந்தால் கடையில் கொடுத்துப் பளிச்சென்று அச்செடுத்து யாரிடமாவது கொண்டுபோய் நீட்டுவார்கள். ரொம்பச் சின்னதாக இருந்தால் தெரியவில்லை என்று திரும்பி வருவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க அவர் சேமிப்பார், திறப்பார், பெரிதாக்கிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், மறுபடி குறைப்பார். “படிக்க முடியணும். பிரிண்ட் எடுக்க முடியக் கூடாது. அதாம்மா வேலை.” தங்கத்துக்கு உரைகல் பார்க்கிற பத்தர்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டார். அந்தக் கவனம்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சோம்பேறியாக இருந்திருந்தால் அவரை நான் இவ்வளவு வெறுத்திருக்க மாட்டேன்.

லீவு விதிகள், கேன்டீன் விதிகள் எல்லாம் சேர்ந்த ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானது. இருபத்திரண்டு பக்கம். லைனில் இருக்கிறவர்கள் எங்களுக்கும் ஒரு காப்பி வேண்டும் என்றார்கள். பதினொரு படம் போனது. வாசலுக்கு எதிரே டீக்கடையில் ஆண்கள் கைப்பேசியை வெயிலுக்கு மறைத்து, இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் படித்தார்கள். இழுக்க இழுக்க எழுத்து உதிர்ந்து கறுப்புப் பொடியாகியது. சேலத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிட்டர் மட்டும் ஜன்னலில் குனிந்தார்.

“சார், ஆறுக்கு அடுத்து எட்டு வருதுங்களே.”

“ஏழுல உனக்கு வேண்டியது ஒண்ணும் இல்லப்பா.”

அந்த ஆள் கைப்பேசியை மறுபடி ஒரு தடவை பார்த்தார். பிறகு, ஏழில் தனக்கு வேண்டியது இல்லை என்று ஏழைப் படிக்காமல் எப்படித் தெரியும் என்று, ரொம்ப மரியாதையாக, யாரிடமோ கேட்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போனார். அவர் முகம் மாறவில்லை. என் பக்கம் திரும்பி, இனிமேல் அடியில் இருக்கிற பக்க எண்ணையும் சேர்த்து வெட்டிவிடச் சொன்னார். பெண்கள் யாராவது வந்து மிச்சப் பக்கத்தைக் கேட்டால் தெலுங்கில் ஒரே பதில்: “சாலு. ஒக பேஜி சாலு நீக்கு.” உனக்கு ஒரு பக்கம் போதும். சாப்பாட்டுப் பந்தியில் சொல்கிற மாதிரி சொல்வார்.

சொந்த விஷயத்திலும் இப்படித்தான். மகள் கல்யாணப் பத்திரிகை நாலு பக்கம். மேலே மாடியில் இருந்தவர்களுக்குத் தட்டு, பழம், முழுப் பத்திரிகை. எங்கள் அறைக்கும் ஸ்டோருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு படம். ரிசப்ஷன் பக்கம். முகூர்த்தம் எங்கே, எத்தனை மணிக்கு என்பது அதில் இல்லை. ஸ்டோர்காரர் ஒருவர் அவருடைய உறவினர் ஒருவர் மூலம் கண்டுபிடித்து விடிகாலையில் முகூர்த்தத்துக்கே போய் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்ததும் எங்கள் ஆள் மாலையும் கழுத்துமாக இறங்கி வந்து, உங்களுக்குச் சாயந்திரம்தானே போட்டிருந்தேன் என்று கேட்டாராம். ஸ்டோர்காரர் இதை மாதக்கணக்கில் நடித்துக் காட்டினார். நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரிப்புக்கு அடியில் ஏதோ நெருடியது, பல்லில் சிக்கிய கல் மாதிரி.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நானும் ஓரம் வெட்டியவள் ஆவேன். என் மகளுக்குக் கல்லூரி விண்ணப்பம். கடைசி நாள். சான்றிதழ்களைப் பிடிஎஃப்பாக வைத்திருந்தேன். அந்த இணையதளம் ஜேபிஜிதான் வேண்டும் என்றது. ஜேபிஜியாக்கினால் அளவு கூட என்றது. அளவைக் குறைத்தால் தெளிவில்லை என்று துப்பியது. மதியச் சாப்பாட்டைத் திறக்காமல் நான் திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்று பார்த்தவர், நகரு என்றார். பத்து நிமிஷம். மகளின் கையெழுத்தை வெள்ளைத் தாளிலிருந்து ஒரு மயிரிழை மீதமில்லாமல் எடுத்து, படத்தை நிமிர்த்தி, ஒவ்வொன்றையும் கேட்ட அளவுக்கு இறக்கி, ஏற்றி முடித்தார். நான் கண்கலங்கி நன்றி சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, வேறு எதற்கோ நான் லீவு கேட்டபோது, குனிந்தபடியே சொன்னார்:

“வீட்டுக்காரருக்கு வேலை இல்லேன்னு வருமானச் சான்றிதழ்ல போட்டிருந்துச்சே. பாத்து லீவு போடும்மா.”

அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. ஞாபகம் வைத்திருக்கிறேன் என்று மட்டும் தெரியப்படுத்தினார். எங்கள் வீட்டின் ஒரு பக்கம் அவரிடம் போய்விட்டது. அதை அவர் எப்போது யாருக்கு அனுப்புவார் என்று தெரியாது. அன்றிலிருந்து அவர் வெட்டு என்றால் வெட்டினேன்.

ரத்னம்மாவின் கை பிரஸ்ஸில் போனது ஒரு சித்திரை மாதத்தில். உத்தனப்பள்ளிக்கு உள்ளே ஒரு கிராமம் அவளுக்கு. ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்தவள். பி ஷிப்ட், மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பிப்பது. நாலு மணி சுமாருக்குத் தம்ளரில் தண்ணீர் வட்டம் போடுவது நின்றது. எட்டிப் பார்த்தேன். வலது கையைப் பனியன் துணியில் சுற்றி இரண்டு பெண்கள் அவளை நடத்திக்கொண்டு வந்தார்கள். அவள் கத்தவில்லை. செருப்பு எங்கே, என் செருப்பு எங்கே என்று கேட்டுக்கொண்டே போனாள். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் திரும்பவில்லை.

ஆறு வாரம் கழித்து, காயம் பட்டது வேலையில்தான் என்று எழுதிக் கொடுங்கள் என்று கம்பெனியைக் கேட்டாள். அந்தக் காகிதம் இருந்தால்தான் இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரியில் கைக்கு மேற்கொண்டு வைத்தியம். அது இருந்தால்தான் இலகுவான வேறு வேலை கேட்கலாம். கம்பெனி இழுத்தடித்தது. அவள் கிருஷ்ணகிரியில் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தாள். அங்கிருந்து கடிதம் வந்தது: விபத்து நடந்த நாளின் வருகைப் பதிவை அனுப்புக.

வாசலில் விரல் வைத்து நேரம் பதிகிற பஞ்சிங் மெஷினிலிருந்து வருகிற பதிவு அகலமானது. ஒரு தாளில் அடங்காது. பிடிஎஃப்பாகும்போது நடுவில் உடைந்து, பெயர்கள் ஒரு பக்கத்திலும், தேதியும் நேரமும் அடுத்த பக்கத்திலும் விழும். கோப்பாக இருக்கும்வரை தொந்தரவில்லை. இந்தப் பக்கத்து மூன்றாவது வரி அந்தப் பக்கத்து மூன்றாவது வரிக்குச் சேரும். நான் வழக்கம்போலப் படமாகப் போட்டேன். பெயர் ஒரு படம், நேரம் ஒரு படம். அவர் வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெயர்ப் பக்கத்தில் முதல் வரி சூப்பர்வைசருடையது. அதற்குக் கீழேதான் பெண்கள், ஆங்கில அகரவரிசையில். ஸ்டாஃப் பெயர் எதற்கு வெளியே போகணும், அதை எடு என்றார். தலைப்போடு சேர்த்து அந்த முதல் வரியை வெட்டினேன். நேரப் பக்கத்தில் தலைப்பை மட்டும் எடுத்தேன், வரிகளில் கை வைக்கவில்லை. இரண்டு படமும் போய்விட்டது.

மறுநாள் காப்பி வைக்கிறதற்காக இரண்டையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் கவனித்தேன். ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு ஆள் குறைந்ததால், எல்லாப் பெயரும் ஒரு படி மேலே ஏறியிருந்தது. ஒவ்வொருத்தியும் தனக்கு முந்தையவளின் நேரத்தில் நின்றாள். ரத்னம்மாவுக்கு மேலே ரங்கம்மா. ரங்கம்மா அன்று ஊரில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றப் போயிருந்தாள். படத்தின்படி ரங்கம்மா அன்று முழு ஷிப்டும் வேலை பார்த்திருந்தாள். விரல் போன ரத்னம்மாவின் பெயருக்கு நேரே ஆப்சென்ட் என்று இருந்தது.

அவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வெகுநேரம் பார்த்தார். தவறிவிட்டது, சரியானதை இன்றே அனுப்பிவிடலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அந்த இரண்டு தாளையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போனார். மேலேயிருந்து கன்னடம் கேட்டது. சிரிப்புக் கேட்கவில்லை. இறங்கி வந்து சொன்னார்:

“அப்படியே இருக்கட்டும்.”

பிறகு, படமாகிவிட்ட பிறகு அந்தக் கோப்பு எதற்கு, அழித்துவிடு என்றார். அந்த வாரமே கம்பெனியின் பதில் போனது. குறிப்பிட்ட நாளில் மேற்படி பெண் பணியில் இல்லை. உடன் வேலை செய்பவரைப் பார்க்க அனுமதியின்றி உள்ளே வந்து, நின்றிருந்த இயந்திரத்தில் கையை வைத்துக்கொண்டார். நான்தான் தட்டச்சு செய்தேன். ‘வைத்துக்கொண்டார்’ என்ற சொல்லை அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். ஒரு தவறுக்குப் பின்னால் ஒரு பொய் இவ்வளவு சாவகாசமாக நடந்து வந்து உட்கார்ந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அவர் அன்று சாப்பாட்டுக்கு அப்புறம் வழக்கம்போல ஏலக்காயை வாயில் போட்டு மென்றார்.

கோப்பை நான் அழிக்கவில்லை. அழிக்கும் முன் என் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொண்டேன். இதைத் துணிச்சல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நாளைக்கு ஏதாவது ஆனால் என் தலையில்தான் விழும் என்று தெரியும். அப்போது காட்ட வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டேன். ரத்னம்மாவை நான் அப்போது நினைக்கவே இல்லை. வீட்டுக்காரரை நினைத்தேன், மகளின் இரண்டாம் ஆண்டை நினைத்தேன், அந்த வருமானச் சான்றிதழை நினைத்தேன். எட்டு மாதம் அது என் மெயிலிலேயே கிடந்தது.

விசாரணைக்கு அவரும் நானும் கம்பெனிக் காரில் கிருஷ்ணகிரி போனோம். கம்ப்யூட்டர் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல நான். வழியில் குந்தாரப்பள்ளிச் சந்தை. மாடுகள் சாலையை அடைத்து நின்றன. கேட்டதற்கு மட்டும் சொல்லும்மா, கேட்காததைச் சொல்லாதே என்று ஓட்டுநருக்குக் கேட்காத குரலில் சொல்லிக்கொண்டு வந்தார். கண்ணாடிக்கு வெளியே ஒரு மாட்டின் முகம், என் முகத்துக்கு நேராக, அசை போட்டபடி.

அதிகாரி ஐம்பது வயதுப் பெண். மேஜையில் அந்த இரண்டு படத்தின் அச்சு, சாம்பல் பூத்த மாதிரி. பெயர் வரிக்கும் நேர வரிக்கும் நேராக ஸ்கேலை வைத்து, ரத்னம்மாவின் பக்கம் திருப்பினார். நீ அன்றைக்கு வரவில்லை என்றல்லவா இருக்கிறது என்றார். கடுமையில்லை, கேள்விதான். அவர் என் பக்கத்தில் கைகளைத் தொடையில் வைத்து உட்கார்ந்திருந்தார், கோயிலில் உட்காருகிற மாதிரி.

ரத்னம்மாவுக்கு ஆங்கில எழுத்து அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அவள் மூன்று வருடம் பிரஸ்ஸில் நின்றவள். தட்டில் நாற்பது பீஸ் அடுக்க வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பார்த்தவுடன் அந்தப் பெண்களுக்குத் தெரிந்துவிடும், எண்ணவே வேண்டாம். அவள் படிக்கவில்லை. இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் நம்பிக்கை வராமல், இடது கை விரலை ஒவ்வொரு வரியிலும் வைத்து எண்ண ஆரம்பித்தாள். பெயர்த் தாளை எண்ணி முடித்தாள். நேரத் தாளை எண்ணி முடித்தாள். மறுபடியும் ஒரு தடவை.

“மேடம், இதுல நாப்பது பேரு. இதுல நாப்பத்தோரு வரிசை. கடசீல பேரே இல்லாம ஒருத்தரு வந்து வேலை செஞ்சிட்டுப் போயிருக்காரு, பாருங்க.”

தலையை வெட்டச் சொன்னவர் காலைப் பார்க்க மறந்திருந்தார். எட்டு மாதமாக நானும்கூட அந்தக் கடைசி வரியைப் பார்க்கவில்லை.

அதிகாரி தானே எண்ணினார். நிமிர்ந்தார். இந்தப் படங்களைப் போட்டது யார், முழுப் பதிவு எங்கே என்று கேட்டார். அவர் பெருமூச்சு விட்டார். அவருடைய தமிழ்ப் பெருமூச்சு. பஞ்சிங் மெஷினை மாற்றிவிட்டோம், பழையது எதுவும் இல்லை, படம் மட்டும்தான் மிச்சம் என்றார். பிறகு கையைத் திருப்பி, உள்ளங்கையை என் பக்கம் நீட்டினார், விருந்தாளியை அறிமுகம் செய்கிற மாதிரி.

“படம் போட்டது இவங்கதான் மேடம்.”

பொய்யில்லை. அதிலும் ஓரம் மட்டும்தான் வெட்டியிருந்தார். அந்தப் படத்தில் நான் மட்டும் இருந்தேன். மௌசைப் பிடித்த கை இருந்தது, தோளுக்குப் பக்கத்திலிருந்த மூக்கு இல்லை. நான் இத்தனை நாள் எதற்குப் பயந்தேனோ அது வந்து என் மடியில் உட்கார்ந்துவிட்டது; இனிப் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை.

“முழுசும் என் மெயில்ல இருக்கு மேடம்” என்றேன்.

அவர் திரும்பினார். முகத்தில் அத்தனை வருடமும் நான் பார்க்காத ஒன்று, ஒரு நிஜமான ஆச்சரியம்.

“அழிக்கச் சொன்னேனேம்மா.”

அதிகாரியின் எதிரில், எழுத்தர் எழுதிக்கொண்டிருக்கும்போது, சத்தமாக. அவர் வாழ்க்கையில் ஓரம் வெட்டாமல் சொன்ன ஒரே வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். சொன்ன பிறகு அவரே அதை வெறித்துப் பார்த்தார், காற்றில் எங்கேயோ, எடுத்து உள்ளே வைக்க முடியுமா என்பதுபோல.

அதிகாரியின் கம்ப்யூட்டரிலேயே மெயிலைத் திறந்தேன். கடவுச்சொல் இரண்டு தடவை தப்பானது. இரண்டு பக்கமும் வெட்டுப்படாமல் வந்து நின்றன. சூப்பர்வைசர் முதல் வரியில் இருந்தார். எல்லாப் பெயரும் ஒரு படி இறங்கித் தன் தன் நேரத்தில் போய் நின்றது. ரங்கம்மா ஆப்சென்ட். ரத்னம்மா, உள்ளே வந்தது: ஒன்று ஐம்பத்திரண்டு. வெளியே போன நேரம் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் எந்தக் கையைப் பஞ்சிங் மெஷினில் வைப்பாள். அதிகாரி அந்தக் காலிக் கட்டத்தின் மேல் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். குறிப்பிட்ட நாளில் மனுதாரர் பணியில் இருந்தார் என்று எழுத்தரைப் பார்த்துச் சொன்னார். அதைத் தமிழில் எழுதச் சொல்லி, ரத்னம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொன்னார். அவள் கேட்டு, இடது கையால் கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். எல்லாப் பக்கத்திலும் போட்டாள்.

வெளியே வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. அவர் காரின் கதவைத் திறந்து வைத்து நின்றார். மடிப்புக் கலையவில்லை. அந்த இருபது நிமிஷத்தில் எல்லாவற்றையும் சரிசெய்து முடித்துவிட்டிருந்தார், முகத்தையும் சேர்த்து.

“ஏறும்மா. ஓசூருக்குத்தானே போகணும்.”

நாளையிலிருந்து எனக்கு அங்கே வேலையில்லை என்று இருவருக்கும் தெரியும். தெரிந்தும் அவரால் அப்படிக் கூப்பிட முடிந்தது. உள்ளே நடந்தது ஒரு பக்கம், கார் வேறு பக்கம். அவருக்கு இரண்டும் ஒட்டாது. நான் சாலைப் பக்கம் நடந்தேன். முதுகிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. பஸ் நிறுத்தத்தில் ரத்னம்மா முந்தானையைத் தலைக்குப் போட்டு நின்றிருந்தாள். அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவளோடு ஒரே சீட்டில் உட்கார்ந்து ஓசூர் வரைக்கும் போகப்போகிறேன் என்று எனக்குள் ஒரு நினைப்பு. அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்றுகூட நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“எப்பலேருந்து தெரியும்க்கா உங்களுக்கு?”

“எட்டு மாசமா.”

அவள் தலையை ஆட்டினாள். ஒரு கணக்கு சரியாக வந்த மாதிரி.

“அந்தாளு அப்டித்தான்னு எங்க எல்லாருக்கும் தெரியும். அவரை நான் ஒரு நாளும் கேக்கல. வாரா வாரம் ஜன்னல்ல வந்து உங்களத்தானே கேட்டேன். எம் பேப்பரு வந்துச்சாக்கா, வந்துச்சாக்கான்னு.”

ஆமாம், வந்தாள். திங்கட்கிழமைகளில். கட்டுப்போட்ட கையைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அந்தத் தாழ்ந்த ஜன்னலுக்குக் குனிந்து. இன்னும் வரலம்மா என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அவர் பக்கத்து மேஜையில் இருந்தார். அப்படிச் சொல் என்று அவர் என்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

ஓசூர் பஸ் வந்து நின்றது. அவள் இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினாள். நானும் படியில் கால் வைத்தேன். உள்ளே சீட்டெல்லாம் காலியாகத்தான் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குரலும் உயரவில்லை.

“நீங்க அடுத்த பஸ்ல வாங்கக்கா.”